ஃபிளமென்கோ: பன்னிரண்டு எண்ணிக்கைக்குள் நடக்கும் உரையாடல்

ஸ்பெயின் நாட்டின் ஃபிளமென்கோ என்றதும் பலருக்கும் நினைவில் வருவது ஒரே படம்தான். புள்ளி போட்ட நீண்ட பாவாடை, காதோரம் சிவப்புப் பூ, விரல்களில் காஸ்டனெட் எனும் கட்டைத்தாளம், பக்கத்தில் படுவேகமாகக் கிடார் வாசிக்கும் ஒருவர். கூடவே ஒரு நம்பிக்கையும் உண்டு: மனதில் பொங்குவதை அப்படியே பாடுகிறார்கள், ஆடுகிறார்கள், இதில் கணக்கு வழக்கு ஏதும் கிடையாது என்று. யூடியூபில் யாராவது நாலு மைனர் கார்டுகளுக்கு (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கொத்துகளுக்கு) மேல் விரலை வேகமாக ஓட்டினால் போதும், அதற்கு ஃபிளமென்கோ என்று பெயர் வைத்துவிடுகிறார்கள்.

இந்தப் படம் முழுப் பொய் இல்லை. ஆனால் இரண்டு முக்கியமான விஷயங்களை அது மறைத்துவிடுகிறது. ஃபிளமென்கோவின் நடுவில் இருப்பது ஆட்டமோ கிடாரோ அல்ல, பாட்டு. அந்தக் கொந்தளிப்பு மொத்தமும் நடப்பது மிகக் கறாரான ஒரு தாளக் கணக்குக்குள். அந்தக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்திருப்பதால்தான், சேர்ந்து ஒத்திகையே பார்க்காத நான்கு பேர் மேடையேறி, ஒரே நொடியில் நிறுத்தி, ஒரே நொடியில் மறுபடி தொடங்க முடிகிறது. உணர்ச்சியை மட்டும் புகழ்ந்துவிட்டுக் கணக்கை விட்டுவிட்டால், சிறு வயதிலிருந்து அதைப் பழகிய கலைஞர்களின் உழைப்பு நம் கண்ணில் படாமலே போய்விடும்.

அந்தக் கணக்கைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். கிடார் வாசிக்கத் தெரிய வேண்டாம், ஸ்பானிய மொழியும் வேண்டாம். கைதட்டத் தெரிந்தால் போதும்.

## தெற்கு ஸ்பெயினின் சில தெருக்கள்

ஃபிளமென்கோவை ஸ்பெயின் நாட்டு இசை என்று பொதுவாகச் சொல்வதுண்டு. உண்மையில் அது தெற்கே உள்ள அந்தலூசியாவின் இசை. அதிலும் செவில், ஹெரேஸ், காதிஸ் ஆகிய மூன்று ஊர்களும் அவற்றுக்கு இடைப்பட்ட சிற்றூர்களும்தான் அதன் பழைய வேர் நிலம். செவிலில் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் த்ரியானா, ஹெரேஸில் சாந்தியாகோ, சான் மிகேல் போன்ற குடியிருப்புகளின் பெயர் இந்த இசை பேசப்படும் எல்லா இடங்களிலும் வரும். ஒரே பாட்டு வகைக்குக்கூட ஊருக்கு ஊர், சில நேரம் குடும்பத்துக்குக் குடும்பம், பாணி மாறும்.

இதை வளர்த்தவர்களில் முதன்மையானவர்கள் ஹித்தானோக்கள். ஸ்பெயினில் வாழும் ரோமா மக்களுக்கு அங்கே அந்தப் பெயர். அவர்கள் ஐபீரியத் தீபகற்பத்துக்கு வந்ததற்கான முதல் எழுத்துச் சான்று 1425ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 1499 தொடங்கி அடுத்தடுத்து வந்த அரச ஆணைகள் அவர்களுடைய நாடோடி வாழ்க்கையையும் பிறகு உடையையும் மொழியையும் தடை செய்தன. 1749 ஜூலையில், ஆறாம் ஃபெர்னாந்தோ மன்னர் காலத்தில், நாடெங்கும் ஒரே சமயத்தில் ஆயிரக்கணக்கானோரைப் பிடித்தார்கள். ஆண்கள் கடற்படைத் தளங்களில் கட்டாய உழைப்புக்கு அனுப்பப்பட்டார்கள், பெண்களும் குழந்தைகளும் தனியே அடைக்கப்பட்டார்கள். பழைய ஃபிளமென்கோ பாடல்களில் சிறை, பசி, சாவு, அம்மா ஆகியவை திரும்பத் திரும்ப வருவதைக் கேட்கும்போது இந்த வரலாற்றையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

ரோமா மக்களின் முன்னோர்கள் இந்தியாவிலிருந்து மேற்கே சென்றவர்கள். அவர்களுடைய ரோமானி மொழி இந்தியை, பஞ்சாபியைப் போல இந்திய-ஆரியக் குடும்பத்தைச் சேர்ந்தது. இவ்வளவும் உண்மை. ஆனால் இதை வைத்துக்கொண்டு ஃபிளமென்கோவே இந்தியாவிலிருந்து போனது என்று சொல்வது தவறு. ஹங்கேரியிலும் ருமேனியாவிலும் உள்ள ரோமா மக்களிடம் ஃபிளமென்கோ இல்லை, அவர்களுடைய இசை வேறு. ஃபிளமென்கோ உருவானது அந்தலூசிய மண்ணில்தான். அங்கே ஏற்கெனவே நூற்றாண்டுகளாக ஊறிக் கிடந்த மூர்களின் (அங்கே ஆண்ட முஸ்லிம்களின்) இசை மரபு, காஸ்டீலியக் கதைப்பாடல்கள், ஃபந்தாங்கோ என்ற நாட்டுப்புற ஆட்டப்பாட்டு, காதிஸ் துறைமுகம் வழியாகக் கரீபியத் தீவுகளிலிருந்து திரும்பிவந்த ஆப்பிரிக்கத் தாளங்கள் எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. ஹித்தானோ அல்லாத அந்தலூசியர்களும் இதன் பெரும் கலைஞர்களாக இருந்திருக்கிறார்கள். அவர்களில் சிலரைப் பிறகு பார்ப்போம்.

## பாட்டுதான் முதல்

ஃபிளமென்கோவில் பாட்டுக்குக் 'காந்தே' என்று பெயர். ஆட்டம் 'பைலே', கிடார் வாசிப்பு 'தோக்கே'. இந்த மூன்றில் மூத்தது காந்தே. தொன்மையானவை என்று கருதப்படும் 'தோனா' வகைப் பாடல்களுக்குக் கிடாரே கிடையாது. அதில் ஒரு பிரிவான 'மார்த்தினேத்தே' கொல்லர் பட்டறையோடு தொடர்புடையது. இன்றும் மேடையில் அதைப் பாடும்போது சிலர் பட்டறைக்கல்லில் சுத்தியலால் தட்டிக் காட்டுவார்கள். ஹித்தானோக்களில் பலர் கொல்லர்களாக இருந்த காலத்தின் அடையாளம் அது.

காந்தே குரல் நமக்குப் பழக்கமான 'இனிய குரல்' இல்லை. கரகரப்பும் விரிசலும் இங்கே குறை இல்லை, பாட்டின் பகுதி. பாடகர் வார்த்தையைத் தொடங்கும் முன் 'ஆய்' என்று நீளமாக இழுத்துச் சுருதியையும் மனநிலையையும் நிறுத்திக்கொள்வார். பிறகு வருவது 'லெத்ரா', அதாவது மூன்று அல்லது நான்கு குறுகிய வரிகள் கொண்ட ஒரு கண்ணி. ஒரு லெத்ராவுக்கும் அடுத்ததற்கும் கதைத் தொடர்ச்சி இருக்க வேண்டியதில்லை. பாடகர் தன் நினைவில் உள்ள நூற்றுக்கணக்கான கண்ணிகளிலிருந்து அந்த நேரத்துக்கு ஏற்றதை எடுத்துப் பாடுகிறார். முன்கூட்டித் தீர்மானிக்காதது என்றால் இதுதான்: எந்தக் கண்ணி, எந்த வரியை எவ்வளவு நீட்டுவது என்பது. பாட்டின் அச்சு ஏற்கெனவே தீர்மானமாகியிருக்கிறது.

இதுவரை: அந்தலூசியாவின் இசை, ஹித்தானோக்களின் பங்கு பெரிது, வேர்கள் பல, நடுவில் பாட்டு. இனி அந்த அச்சு.

## கடிகாரத்தில் தாளம்

ஒரு சுவர்க் கடிகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முள் ஒவ்வொரு எண்ணாக, ஒரே சீரான இடைவெளியில் தாவுகிறது. பன்னிரண்டு தாவல்களில் ஒரு சுற்று. இப்போது 12, 3, 6, 8, 10 ஆகிய ஐந்து எண்களில் மட்டும் ஒரு மணி ஒலிக்கட்டும். ஃபிளமென்கோ ஆசிரியர்கள் பலரும் இப்படிக் கடிகாரம் வரைந்துதான் பாடம் தொடங்குகிறார்கள்.

சுற்றிப் பாருங்கள். 12இலிருந்து 3 வரை மூன்று தாவல். 3இலிருந்து 6 வரை மூன்று. அதன்பின் 8, 10, மீண்டும் 12 என்று இரண்டிரண்டாக. மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு, இரண்டு. கைதட்டிப் பார்த்தால், சுற்றின் முதல் பாதி நிதானமாக அசைவது போலவும் மறுபாதி அவசரப்படுவது போலவும் காதில் படும். ஆனால் முள்ளின் வேகம் மாறவே இல்லை. மணிகளுக்கு நடுவே உள்ள தூரம்தான் மாறியது. ஃபிளமென்கோ கேட்கும்போது உண்டாகும் அந்தத் தள்ளுமுள்ளு உணர்வு, ஏதோ இழுத்துப் பிடித்துப் பிறகு விடுவது போன்ற உணர்வு, பெருமளவு இங்கிருந்துதான் வருகிறது.

இந்தச் சுற்றுக்கும், அதன் அழுத்தங்களுக்கும், அதை எண்ணாமலே உடம்பில் உணர்ந்து பிடித்திருக்கும் திறனுக்கும் சேர்த்து 'கொம்பாஸ்' என்று பெயர். ஒரு கலைஞர் கொம்பாஸை விட்டு வெளியே போய்விட்டார் என்பதைவிடக் கடுமையான குறை இந்த உலகில் இல்லை. குரல் உடையலாம், கால் இடறலாம், இது மட்டும் கூடாது.

அடுத்தது 'பாலோ'. அப்படியென்றால் பாட்டு வகை. ஒவ்வொரு பாலோவுக்கும் தனித் தாளச் சுற்று, தனிச் சுர அமைப்பு, தனி மனநிலை உண்டு. பல பாலோக்கள் இதே கடிகாரத்தைத்தான் பயன்படுத்துகின்றன.

'சோலேயா' மெதுவானது, கனமானது, பலருக்கு இதுதான் காந்தேயின் தாய். இதில் 1இலிருந்து எண்ணத் தொடங்குவார்கள். 3, 6, 8, 10, 12இல் அழுத்தம். கர்னாடக இசைத் தாளம் பழகியவர்கள் இங்கே கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். நாம் ஆவர்த்தனத்தின் முதல் அடியில், சமத்தில், வந்து சேர்வதை எதிர்பார்ப்போம். சோலேயாவில் இசை வாக்கியம் 10இல் வந்து இறங்குகிறது. மிச்சமுள்ள இரண்டு எண்ணிக்கை மூச்சு விட. இந்த இறங்குமிடத்தைப் பிடித்துவிட்டால் பாதிக் கதவு திறந்துவிடும்.

காதிஸ் ஊரின் 'அலெக்ரியாஸ்' அதே கடிகாரம்தான், ஆனால் மேஜர் சுரங்களில், கடற்கரை வெளிச்சத்தோடு, நடை கூடி ஓடும். ஹெரேஸ் தன்னுடையது என்று கொண்டாடும் 'புலேரியாஸ்' இன்னும் பல மடங்கு வேகம். 12இலேயே பாய்ந்து தொடங்கும். விருந்துகளில் எல்லோரும் வட்டமாக நின்று கைதட்ட, ஒவ்வொருவராக உள்ளே வந்து சில சுற்றுகள் ஆடிவிட்டு விலகுவது புலேரியாஸில்தான். எண்பது வயதுப் பாட்டியும் வருவார், பள்ளிப் பிள்ளையும் வரும்.

'செகிரியா'தான் தொடக்கத்தில் எல்லோரையும் தடுமாற வைப்பது. அதே கடிகாரம், அதே ஐந்து மணிகள், ஆனால் முள் 8இலிருந்து புறப்படுகிறது. அதனால் கணக்கு இரண்டு, இரண்டு, மூன்று, மூன்று, இரண்டு என்று மாறுகிறது. அவசரம் முன்னால் வந்து, இழுவை நடுவில் விழுகிறது. தொடங்கும் இடத்தை மட்டும் மாற்றியதில் அது ஃபிளமென்கோவின் மிக இருண்ட, மிகத் துயரமான பாலோ ஆகிவிடுகிறது. இதை முதன்முதலில் எண்ணிப் புரிந்துகொள்ளும்போது கிடைக்கும் வியப்பு அலாதியானது.

எல்லாம் பன்னிரண்டு இல்லை. 'தாங்கோஸ்', 'ரூம்பா' ஆகியவை நான்கு எண்ணிக்கை (தாங்கோஸ் என்பது அர்ஜென்டினாவின் டாங்கோ நடனம் அல்ல). உவெல்வா ஊரின் ஃபந்தாங்கோக்கள் மூன்றடி நடையில் போகின்றன. 'மாலகேன்யா', 'கிரனாயினா' போன்றவற்றில் கட்டான தாளம் இல்லை, நம் விருத்தம் போலப் பாடகர் விருப்பப்படி நீட்டலாம்.

சுருக்கமாக: கொம்பாஸ் என்பது தாளச் சுற்று, பாலோ என்பது பாட்டு வகை. ஒரே சுற்றில் தொடங்குமிடமும் வேகமும் சுரமும் மாறினால் பாலோ மாறுகிறது.

## மேடையில் யார் யாருக்குச் சொல்கிறார்கள்

இப்போது ஒரு அலெக்ரியாஸ் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். கிடார் கலைஞர் ஒருவர், பாடகர் ஒருவர், ஆடுபவர் ஒருவர், கைதட்டுபவர் இருவர். கைதட்டலுக்குப் 'பால்மாஸ்' என்று பெயர், அது தனிக் கலை. குழித்த உள்ளங்கைகளைச் சேர்த்தால் அமுங்கிய ஒலி, விரல்களை உள்ளங்கையில் அடித்தால் கூர்மையான ஒலி. பாடகர் பாடும்போது அமுங்கிய தட்டல், ஆட்டம் உச்சத்துக்குப் போகும்போது கூர்மையானது. ஒருவர் அடியில் தட்ட, மற்றவர் அடிகளுக்கு நடுவே தட்டுவார்.

கிடார் தொடங்குகிறது. பாடகர் குரலைச் சேர்க்கிறார். ஆடுபவர் எழுந்து, கால்களை ஓங்கித் தட்டி, ஒரு சிறு கோர்வையைக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் நச்சென்று முடிக்கிறார். இதற்கு 'யமாதா' என்று பெயர். அழைப்பு. 'இதோ, இப்போது பாடுங்கள்' என்று பாடகருக்கு உடம்பால் சொல்வது. அடுத்த சுற்றில் பாடகர் லெத்ராவைத் தொடங்குகிறார்.

பாட்டு நடக்கும்போது ஆடுபவர் அடங்கிவிட வேண்டும். கைகளும் இடுப்பும் அசையலாம், கால் மெல்ல அடையாளம் மட்டும் காட்டும். வரிகளின் மேல் ஓங்கிக் கால்தட்டுவது பாடகரை அவமதிப்பது. ஆனால் வரி முடியும் இடத்தில், பாடகர் மூச்செடுக்கும் அந்தச் சின்ன இடைவெளியில், ஆடுபவர் ஒரு குட்டி வெடிப்பு வைப்பார். அது 'ரெமாத்தே', முடிப்பு. பாடகர் ஒரு வரியை ஒரு சுற்று கூடுதலாக நீட்டினால், முடிப்புக்குத் தயாரான கால் காத்திருக்க வேண்டும். கிடாரும் அதே கார்டில் காத்திருக்கும். கண்ணைப் பார்த்து, தோளைப் பார்த்து, மூச்சைக் கேட்டு இது நடக்கிறது.

லெத்ராக்கள் முடிந்ததும் காலடி வேலைக்கான நீண்ட பகுதி. அங்கே தலைமை முழுக்க ஆடுபவரிடம். வேகத்தை அவர் ஏற்ற, மற்றவர்கள் பின்தொடர்வார்கள். உச்சியில் மீண்டும் ஒரு யமாதா, எல்லோரும் ஒரே அடியில் நிற்கிறார்கள். ஒரு கணம் நிசப்தம், பிறகு ஆடுபவர் புலேரியாஸுக்குத் தாவி, ஆடியபடியே மேடையை விட்டு இறங்குவார்.

பார்வையாளரின் 'ஓலே'யும் இந்த உரையாடலில் ஒரு பங்காளிதான். அந்த உற்சாகக் குரல்களுக்கு 'ஹலேயோ' என்று பெயர். கண்ட இடத்தில் கத்துவது இல்லை. ரெமாத்தே சரியாக விழுந்த அடியில், வரி இறங்கிய இடத்தில்தான் ஓலே வரும். எங்கே சொல்கிறார் என்பதை வைத்தே ஒருவருக்குக் கொம்பாஸ் தெரியுமா என்று கண்டுபிடித்துவிடலாம். ஒரு கச்சேரியில் ரசிகர் தலையசைக்கும் இடத்தை வைத்து அவர் ஞானத்தை மதிப்பிடும் பழக்கம் உள்ள நமக்கு இது சட்டென்று புரியும்.

கட்டைத்தாளம் எங்கே என்று கேட்கலாம். அது பெரும்பாலும் ஸ்பெயினின் நாட்டுப்புற, செவ்வியல் நடனங்களுக்குச் சொந்தமானது. ஃபிளமென்கோ மேடையில் எப்போதாவது வரும், அவ்வளவுதான். விரல் சொடுக்கும் உள்ளங்கையும் காலணியின் குதியும்தான் இங்கே தாளக் கருவிகள். பெட்டி போன்ற 'கஹோன்' மேளமும் பழையது அல்ல. பெரு நாட்டுக் கறுப்பின மக்களின் கருவியான அதை 1970களில் கொண்டுவந்தவர் கிடார் கலைஞர் பாக்கோ தெ லூசியா.

## கிடாரும் சுரமும்

ஃபிளமென்கோ கிடார் வழக்கமாக சைப்ரஸ் மரத்தில், எடை குறைவாகச் செய்யப்படும். கம்பிகள் பலகைக்கு மிக அருகில் இருக்கும், அதனால் ஒலி சட்டென்று எழுந்து சட்டென்று அடங்கும். தாளத்துக்கு அது வசதி. விரலால் பலகையில் தட்டுவதும் வாசிப்பின் பகுதி என்பதால் தேயாமலிருக்க ஒரு மெல்லிய தகடு ஒட்டியிருப்பார்கள். விரல்களை விசிறி போல ஒன்றன்பின் ஒன்றாக விரித்துக் கம்பிகளை வருடும் 'ரஸ்கேயாதோ'தான் இதன் முத்திரை ஒலி.

சுர அமைப்பில் அடிக்கடி கேட்கும் இறக்கம் ஒன்று உண்டு: ஏ மைனர், ஜி, எஃப், ஈ என்று நான்கு கார்டுகள் படிப்படியாக இறங்கி ஈ மேஜரில் உட்காரும். ஈயை ஆதார ஷட்ஜமாக வைத்துப் பார்த்தால், இந்தச் சுரங்கள் தோடியின் தாய் மேளமான ஹனுமத்தோடிக்குப் பொருந்துகின்றன. கடைசிக் கார்டில் மட்டும் அந்தர காந்தாரம் வந்து வகுளாபரணத்தின் சாயல் விழும். சுரக்கணக்கில் உள்ள இந்த ஒற்றுமையை வைத்து ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று சொல்லிவிடக் கூடாது. ஆனால் தோடியில் ஊறிய காதுக்குச் சோலேயாவின் துயரம் அந்நியமாக இராது.

## காப்பி கடையும் போட்டியும்

வீட்டிலும் பட்டறையிலும் இருந்த பாட்டைக் காசு கொடுத்துக் கேட்கும் இடத்துக்குக் கொண்டுவந்தவை 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பரவிய 'கஃபே காந்தாந்தே' என்ற பாட்டுக் காப்பிக் கடைகள். செவிலில் அப்படி ஒன்றை நடத்திய சில்வேரியோ ஃபிரான்கொனெத்தி (1831–1889) இத்தாலியத் தந்தைக்குப் பிறந்தவர், தானே மகத்தான பாடகர். அவர் மதித்து வளர்த்த ஹெரேஸ் பாடகர் அந்தோனியோ சாக்கோனும் ஹித்தானோ அல்ல. தொழில்முறைப் பாடகர், தொழில்முறைக் கிடார் கலைஞர், ஒழுங்கான ஆட்ட வடிவங்கள் எல்லாம் உருப்பெற்றது இந்தக் கடைகளில்தான். 'தூய்மையான பழமை' என்று இன்று நாம் போற்றுவதில் பெரும்பங்கு மேடைக்காகச் செதுக்கப்பட்டது என்பதை மறக்கக் கூடாது.

மேடை கெடுத்துவிட்டது என்ற கவலையும் உடனே வந்தது. இசையமைப்பாளர் மனுவேல் தெ ஃபாயாவும் இளம் கவிஞர் ஃபெதெரிக்கோ கார்சியா லோர்காவும் இன்னும் சிலரும் சேர்ந்து 1922 ஜூனில் கிரனாடாவின் அல்ஹம்பிரா அரண்மனையில் ஒரு காந்தே போட்டி நடத்தினார்கள். தொழில்முறைப் பாடகர்கள் கலந்துகொள்ளக் கூடாது என்பது விதி. பரிசு வாங்கியவர்களில் ஒருவர் எல் தெனாசாஸ் என்ற முதியவர், இன்னொருவர் பின்னாளில் பெரும் புகழ்பெற்ற மனோலோ காரகோல், அப்போது சிறுவன்.

## பாக்கோவும் காமரோனும்

நாம் இன்று கேட்கும் ஃபிளமென்கோவின் ஒலியை மாற்றியவர்கள் இருவர். அல்ஹெசிராஸ் ஊரில் 1947இல் பிறந்த பாக்கோ தெ லூசியா, சான் ஃபெர்னாந்தோவில் 1950இல் பிறந்த காமரோன் தெ லா இஸ்லா. முன்னவர் ஹித்தானோ அல்ல, பின்னவர் ஹித்தானோ கொல்லரின் மகன். 1969 முதல் 1977 வரை இருவரும் சேர்ந்து ஒன்பது ஆல்பங்கள் பதிவு செய்தார்கள். பாடகருக்குப் பின்னால் நிற்கும் கருவியாக இருந்த கிடார் அவற்றில் பாடகரோடு சமமாகப் பேசத் தொடங்கியது.

1979இல் காமரோன் வெளியிட்ட ஆல்பத்தில் லோர்காவின் கவிதைகளும் மின்கருவிகளும் சிதாரும் இருந்தன. மரபுக்காரர்கள் கொதித்தார்கள், விற்பனையும் மந்தம். இன்று அதைத் திருப்புமுனை என்கிறார்கள். 1992இல், 41 வயதில், புற்றுநோயில் அவர் இறந்தார்.

பாக்கோ 1980 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் கிடார் கலைஞர்கள் ஜான் மெக்லாஃப்லினோடும் அல் டி மியோலாவோடும் மேடையேறினார். அந்த மெக்லாஃப்லின், அதற்குச் சில ஆண்டுகள் முன்பு 'சக்தி' குழுவில் நம் விக்கு விநாயகராமின் கடத்தோடு வாசித்தவர். இந்த வழியாகத்தான் தமிழ் ரசிகர்கள் பலர் பாக்கோவை முதலில் கேட்டார்கள். அந்த மின்னல் வேகத்தை மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்வது எனக்கு வருத்தம் தரும். பாக்கோவின் மேதைமை, வேகத்தின் நடுவிலும் கொம்பாஸ் ஒரு மயிரிழைகூட நகராமல் இருப்பதில் இருக்கிறது.

## துவெந்தே பற்றி ஒரு வார்த்தை

ஃபிளமென்கோ பற்றி எழுதும் எல்லோரும் 'துவெந்தே'யைச் சொல்வார்கள். பாடுபவரையும் கேட்பவரையும் ஒருசேர ஆட்கொள்ளும் அந்த அரிய நிலைக்கு அப்படிப் பெயர். 1933இல் புவெனோஸ் ஐரஸில் லோர்கா ஆற்றிய உரை அதை உலகுக்கு அறிமுகப்படுத்தியது. அப்படியொரு நிலை உண்டு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பயிற்சி இல்லாதவருக்கு அது வராது. தாளத்தைப் பற்றிய கவலையே இல்லாத அளவுக்குத் தாளம் உடம்பில் ஊறியவரிடம்தான் அது வருகிறது.

## எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்

அலெக்ரியாஸிலிருந்து தொடங்குவது எளிது. மேஜர் சுரங்கள், தெளிவான தட்டல். 12, 3, 6, 8, 10இல் மட்டும் கைதட்டிக்கொண்டே கேளுங்கள். முதலில் தப்பும். பால்மாஸ் தட்டுபவர்களைப் பிடித்துக்கொண்டால் கொஞ்ச நேரத்தில் உட்கார்ந்துவிடும்.

அடுத்து சோலேயா. உத்ரேரா ஊரின் ஃபெர்னாந்தா (1923–2006) பாட, தியேகோ தெல் கஸ்தோர் கிடார் வாசிக்கும் பதிவுகள் கிடைக்கின்றன. இருவரும் வேகம் காட்டவே மாட்டார்கள். ஃபெர்னாந்தாவின் குரல் ஏற முடியாத இடத்துக்கு ஏறப் பார்த்து உடையும், கஸ்தோர் சில சுரங்களை மட்டும் வைத்துவிட்டுக் காத்திருப்பார். அதன்பின் 'சீப்புகளின் சிறுமி' என்ற பட்டப்பெயர் பெற்ற பாஸ்தோரா பவோனின் (1890–1969) பழைய இசைத்தட்டுப் பதிவுகள். கீறல் ஒலி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பாலோவை எடுத்தாலும் அதைத் தன்னுடையதாக்கிய குரல் அது. ஆட்டத்துக்குக் கார்மென் அமாயாவின் படத்துண்டுகள். கால்சட்டை அணிந்து ஆடியவர், அந்தக் காலடி வேகம் அதற்கு முன் ஆண்களுக்கே உரியது என்று கருதப்பட்டது.

செகிரியாவைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். ஹெரேஸின் மனுவேல் தோர்ரே (1878–1933) பாடிய பதிவை, முதல் முறை எண்ணாமல் கேளுங்கள். இரண்டாம் முறை 8இலிருந்து எண்ணத் தொடங்குங்கள்.